பிரியத் தெரிந்த பிணைப்புகள்

1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லி நகரில், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வைரஸ் ஆய்வகத்தில் ஹைன்ஸ் ஃபிரேங்கல்-கான்ராட், ராப்லி வில்லியம்ஸ் என்ற இருவரும் ஒரு வைரஸைப் பிரித்துவிட்டு மறுபடி சேர்த்துக் காட்டினார்கள். புகையிலை இலைகளில் பச்சையும் மஞ்சளுமாகத் தேமல் விழச் செய்யும் வைரஸ் அது. உருவத்தில் ஒரு குச்சி. நீளம் 300 நானோமீட்டர், பருமன் 18 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். குச்சியின் உடல் முழுவதும் ஒரே வகைப் புரதத்தின் ஏறத்தாழ 2130 பிரதிகளால் ஆனது. அவை சுழல்படிக்கட்டுபோல் மூன்று சுற்றுக்கு 49 என்ற கணக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு நடுவே, அதே சுழலில், சுமார் 6400 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழை ஓடுகிறது. ஆய்வாளர்கள் புரதத்தைத் தனியாகவும் ஆர்.என்.ஏ.வைத் தனியாகவும் பிரித்தெடுத்தார்கள். பிறகு இரண்டையும் லேசான அமிலத்தன்மை உள்ள கரைசலில் கலந்து விட்டுவைத்தார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது பழைய குச்சிகள் உருவாகியிருந்தன. அந்தக் கரைசலைப் புகையிலை இலையில் தேய்த்தபோது நோயும் வந்தது.

அந்தச் சோதனைக்குழாயில் வரைபடம் கிடையாது; மேற்பார்க்க ஆளும் கிடையாது. இரண்டாயிரத்துச் சொச்சம் துண்டுகள் தத்தம் இடத்தைத் தாமே கண்டுகொண்டன. மூலக்கூறுகளும் நானோ துகள்களும் இப்படித் தாமாகக் கூடி ஒழுங்கான அமைப்பாவதைச் சுயகட்டமைப்பு என்கிறார்கள். சோப்பு மூலக்கூறுகள் நீரில் சிறு உருண்டைகளாகச் சேர்வதும், நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வு இரண்டு அடுக்காக அமைவதும் இதே வகை. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், பூட்டும் சாவியும்போலத் துண்டுகள் ஒன்றுக்கொன்று பொருந்தும் வடிவில் இருக்கின்றன, அதனால் ஒட்டிக்கொள்கின்றன என்பது. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. கண்மூடித்தனமாக மோதிக்கொள்ளும் ஆயிரக்கணக்கான துண்டுகளில் முதல் மோதலே சரியான மோதலாக இருப்பது அபூர்வம். பெரும்பாலானவை கோணலாக, தலைகீழாக, தவறான ஆளோடுதான் முதலில் சேரும். அந்தத் தவறுகள் அப்படியே நின்றுவிட்டால் கிடைப்பது குச்சி ஆகாது, வெறும் கட்டிதான். ஆகவே நாம் விளக்க வேண்டியது, துண்டுகள் ஏன் ஒட்டுகின்றன என்பதைக் காட்டிலும், தவறாக ஒட்டியவை எப்படித் திருந்துகின்றன என்பதைத்தான். என் வாதம் இது: இந்த நுண்ணுலகில் ஒழுங்கு பிறப்பதற்குக் காரணம் பிணைப்புகளின் வலிமை அன்று. பிடித்ததை விட்டுவிடக்கூடிய அளவுக்கு அவை தளர்வாக இருப்பதே காரணம்.

சுவர் எழுப்பும் கொத்தனார் ஒவ்வொரு செங்கல்லையும் வைத்தவுடன் கரணைப் பிடியால் தட்டி, தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து நேராக்குகிறார். கலவை ஈரமாக இருக்கும்வரைதான் அது முடியும். வைத்த நொடியிலேயே இறுகிவிடும் கலவையைக் கொடுத்தால் எவ்வளவு தேர்ந்த கொத்தனாராலும் நேரான சுவர் எழுப்ப முடியாது. மூலக்கூறுகளின் உலகில் தட்டிப் பார்க்கும் வேலையை வெப்பம் செய்கிறது. அறை வெப்பநிலையில் ஒவ்வொரு மூலக்கூறையும் சுற்றியிருப்பவை ஓயாமல் இடித்து உலுக்குகின்றன. இந்த உலுக்கலின் அளவு, வேதியியல் கணக்கில், மோலுக்குச் சுமார் 2.5 கிலோஜூல். இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பை அறுக்கச் சுமார் 350 கிலோஜூல் வேண்டும். அறை வெப்பத்தின் உலுக்கல் அதை அசைக்கவே முடியாது. நீர் மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள ஹைட்ரஜன் பிணைப்புக்கோ சுமார் 20 போதும். நீரில் அத்தகைய ஒரு பிணைப்பு நீடிப்பதே ஒரு விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவு நேரந்தான். உருவாகும், அறுபடும், மறுபடி உருவாகும். சுயகட்டமைப்பு முழுவதும் இந்த இரண்டாம் வகைப் பிணைப்புகளை நம்பியே நடக்கிறது: ஹைட்ரஜன் பிணைப்பு, எதிரெதிர் மின்சுமைகளின் ஈர்ப்பு, எண்ணெய்த்தன்மை உள்ள பகுதிகள் நீரிலிருந்து ஒதுங்கி ஒன்றுசேரும் போக்கு. தவறான இடத்தில் உட்கார்ந்த துண்டை ஒன்றிரண்டு பிணைப்புகளே பிடித்திருக்கும். உலுக்கல் அதைக் கழற்றிவிடும். சரியான இடத்தில் உட்கார்ந்ததைப் பல பிணைப்புகள் ஒருசேரப் பிடிக்கும்; அது நிலைக்கும். தேர்வு இப்படித்தான் நடக்கிறது.

இதை மிகத் துல்லியமாகக் காட்டிய பரிசோதனை கிறிஸ்டியன் அன்ஃபின்சனுடையது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் அவர் ஆராய்ந்தது மாட்டின் கணையத்திலிருந்து எடுக்கப்படும் ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதி. 124 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலி, தனக்கே உரிய வடிவில் மடிந்து இந்த நொதியாகிறது. சங்கிலியில் உள்ள சிஸ்டீன் என்ற வகை அமினோ அமிலங்கள் எட்டும் இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்கு கந்தகப் பாலங்கள் ஆகின்றன. எட்டை இப்படி நான்கு ஜோடியாக்க 105 வழிகள் உண்டு. இயற்கையான நொதியில் இருப்பது அவற்றில் ஒன்றே ஒன்று. அன்ஃபின்சன் யூரியாவைச் சேர்த்து மடிப்பைக் குலைத்தார். மெர்காப்டோஎத்தனால் என்ற பொருளால் பாலங்களையும் அறுத்தார். நொதியின் செயல்திறன் முற்றிலும் போய்விட்டது. பிறகு இரண்டு பொருள்களையும் நீக்கிவிட்டு, காற்றிலுள்ள ஆக்சிஜன் பட விட்டபோது சங்கிலி தானே மடிந்து, சரியான நான்கு பாலங்களையும் போட்டுக்கொண்டு, ஏறக்குறைய முழுத்திறனையும் மீட்டது. 1972ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது இந்தப் பணிக்காகத்தான்.

பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. என் வாதத்துக்கு இதைவிட முக்கியமானது அவர் செய்த அடுத்த சோதனை. யூரியாவை நீக்காமலேயே, அதாவது சங்கிலி குலைந்து கிடக்கும்போதே, பாலங்களை மறுபடி உருவாக விட்டார். எட்டு சிஸ்டீன்களும் கையில் கிடைத்ததோடு ஜோடி சேர்ந்தன. கிடைத்தது தவறான பாலங்களால் தாறுமாறாகக் கட்டுண்ட புரதம். திறன் சுமார் ஒரு சதவீதம். இப்போது யூரியாவை நீக்கினாலும் அது திருந்தவில்லை. சரியான வடிவம் எது என்ற தகவல் அந்தச் சங்கிலியில் அப்படியே இருக்கிறது. ஆனால் பாலங்கள் வலுவானவை, வெப்ப உலுக்கலால் அவற்றை அறுக்க முடியாது. அதனால் தகவல் இருந்தும் பயனில்லை. அன்ஃபின்சன் அதில் மெர்காப்டோஎத்தனாலை மிகச் சிறிதளவு சேர்த்தார். பாலங்கள் அறுபடவும் மறுபடி சேரவும் வழி பிறந்தது. சுமார் பத்து மணி நேரத்தில் புரதம் தவறான ஜோடிகளைக் கைவிட்டுச் சரியான வடிவத்துக்கு வந்து சேர்ந்தது. அதே சங்கிலி, அதே தகவல். வேறுபட்டது ஒன்றுதான்: தவறிலிருந்து பின்வாங்க வழி இருந்ததா, இல்லையா என்பது. நம் செல்களிலும் இந்த வேலைக்கென்றே ஒரு நொதி இருப்பதை அன்ஃபின்சன் குழுவினரே பின்னர் கண்டறிந்தார்கள். தவறான கந்தகப் பாலங்களை அவிழ்த்து மாற்றிக் கட்டுவதுதான் அதன் பணி.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிப்படி என்ட்ரோபி கூடிக்கொண்டேதான் போகும். என்ட்ரோபி என்பது ஒழுங்கின்மையின் அளவு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அப்படியானால் உலுக்கலிலிருந்து ஒழுங்கு பிறக்கும் என்பது அந்த விதிக்கே முரணானது இல்லையா? முரண் இல்லை. பள்ளியில் படித்த அந்த வாசகந்தான் போதாதது. என்ட்ரோபி எண்ணுவது, ஒரு தொகுதியின் துகள்கள் எத்தனை விதங்களில் இருக்க முடியும் என்பதை. சோப்பு மூலக்கூறுகள் ஒன்றுசேரும்போது அவற்றின் சுதந்திரம் குறைகிறது. ஆனால் அவற்றின் எண்ணெய் வால்களைச் சுற்றி நெருக்கிக் கட்டுண்டிருந்த ஏராளமான நீர் மூலக்கூறுகள் விடுதலை பெறுகின்றன. மொத்தக் கணக்கில் என்ட்ரோபி கூடுகிறது.

இதைவிடத் தெளிவான சான்று, ஈர்ப்பே இல்லாத உருண்டைகளிடமிருந்து கிடைத்தது. 1957இல் பெர்னி ஆல்டர், தாமஸ் வெயின்ரைட் இருவரும் கணினியில் ஒரு கணக்குப் போட்டார்கள். அவர்களுடைய உருண்டைகள் ஒன்றையொன்று ஈர்ப்பதில்லை. மோதினால் விலகும், அவ்வளவே. நெருக்கம் ஓர் அளவைத் தாண்டியதும் அவை தாமாகவே படிகமாக அணிவகுத்தன. இன்றைய கணக்குப்படி, மொத்த இடத்தில் 49.4 சதவீதத்தை உருண்டைகள் நிரப்பும்போது இந்த மாற்றம் தொடங்குகிறது. காரணம் எளிது. கூட்டம் நெரியும்போது ஒழுங்கின்றி நிற்பவை ஒன்றுக்கொன்று வழியடைத்துக்கொள்கின்றன. வரிசையாக நிற்கும் ஒவ்வொன்றுக்கும் அசைய இடம் கூடுதலாகக் கிடைக்கிறது. வரிசையில் நிற்பதுதான் இங்கே அதிகச் சுதந்திரம். 1986இல் பீட்டர் பியூசி, வில்லியம் வான் மெகன் இருவரும் திரவத்தில் மிதக்கும் அக்ரிலிக் நுண்ணுருண்டைகளைக் கொண்டு இதை மெய்யுலகில் நிறுவினார்கள். நெருக்கம் 50 சதவீதத்தை ஒட்டியிருந்த குப்பிகளில் வண்ணம் சிதறும் படிகங்கள் தோன்றின. ஆனால் சுமார் 58 சதவீதத்துக்கு மேல் நெருக்கியபோது படிகம் வரவில்லை. அந்த நெருக்கத்தில் உருண்டைகளால் இடம் மாறவே முடியவில்லை. கண்ணாடிபோல் ஒழுங்கின்றி உறைந்து நின்றன. வரிசையாக நிற்பதே அப்போதும் மேலான நிலை. ஆனால் அங்கே போய்ச்சேர வழி அடைபட்டுவிட்டது. நவரத்தினக் கடைகளில் விற்கும் ஓப்பல் கல்லிலும் இந்தக் கதை பதிந்திருக்கிறது. விலை உயர்ந்த ஓப்பலின் வண்ண ஜாலத்துக்குக் காரணம், ஏறத்தாழ 150 முதல் 300 நானோமீட்டர் வரையுள்ள சிலிக்கா உருண்டைகள் ஒரே அளவில், ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதுதான் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1964இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி மூலம் காட்டினார்கள். உருண்டைகள் தாறுமாறாகக் கிடக்கும் சாதாரண ஓப்பலில் அந்த ஜாலம் கிடையாது.

மனிதர் வடிவமைத்த நானோ துகள்களும் இதே பாடத்தைத்தான் கற்பித்தன. 1996இல் சாட் மிர்கினின் குழுவும் பால் அலிவிசாடோஸின் குழுவும் தங்க நானோ துகள்களின்மேல் டி.என்.ஏ. இழைகளை ஒட்டவைத்தன. ஒரு துகளின் இழையும் இன்னொரு துகளின் இழையும் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால் இரண்டும் இணையும். மிர்கின் குழுவினரின் கரைசல் சிவப்பிலிருந்து ஊதாவாக மாறியது. துகள்கள் சேர்ந்துவிட்டன என்பதற்கு அது அடையாளம். ஆனால் சேர்ந்தவை படிகமாகவில்லை. ஒழுங்கற்ற திரள்களாகவே இருந்தன. யார் யாரோடு சேர வேண்டும் என்ற கட்டளை இழைகளில் பிழையின்றி எழுதப்பட்டிருந்தும் ஒழுங்கு வரவில்லை. அது கைகூட 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மிர்கினின் குழுவும் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஓலெக் காங்கின் குழுவும் அந்த ஆண்டில் துகள்களைச் சீரான படிகமாக்கிக் காட்டின. இழைகளின் நீளத்தையும் நெகிழ்வையும் திருத்தியதோடு, திரள்களை இழைகள் பிரியத் தொடங்கும் வெப்பநிலைக்கு மிக அருகே சூடாக்கியும் வைத்தார்கள். அந்த வெப்பத்தில் பிணைப்புகள் அறுபட்டு அறுபட்டுச் சேர்ந்தன. துகள்கள் தமக்குரிய இடத்துக்கு நகர்ந்தன. 2014இல் மிர்கின் குழுவினர் பல நாள்கள் எடுத்து மெல்ல மெல்லக் குளிரவிட்டபோது, பன்னிரண்டு முகங்கள் கொண்ட, பட்டை தீட்டினாற்போன்ற படிகங்களே கிடைத்தன. 2006இல் பால் ராத்மண்ட் 7249 எழுத்துள்ள ஒரு டி.என்.ஏ. இழையை இருநூறுக்கும் மேற்பட்ட குட்டி இழைகளால் மடித்து, 100 நானோமீட்டர் அகலத்தில் நட்சத்திரமும் சிரிக்கும் முகமும் செய்தபோதும், செய்முறையின் உயிர் அதிலேயே இருந்தது: எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து 95 டிகிரிக்குச் சூடாக்கு, பிறகு படிப்படியாகக் குளிரவிடு.

இத்தனை தளர்வான பிணைப்புகளால் ஆனது நிலைத்து நிற்குமா என்பது அடுத்த நியாயமான கேள்வி. நிற்கும், சான்று புகையிலை வைரஸே. காய்ந்த இலையில் அது ஆண்டுக்கணக்கில் வீரியத்தோடு கிடக்கும். புகையிலையைத் தொட்ட கையைக் கழுவாமல் தக்காளி நாற்றைத் தொடக்கூடாது என்று விவசாயிகளுக்குச் சொல்வது இதனால்தான். ஒரு பிணைப்பு தளர்வாக இருக்கலாம். ஆனால் பல பிணைப்புகள் ஒரே நேரத்தில் அறுபட்டால்தான் ஒரு துண்டு கழலும் என்னும்போது, அந்த வாய்ப்பு மிக மிகக் குறைந்துவிடுகிறது. இன்னும் உறுதி வேண்டிய இடத்தில் உயிரினங்கள் கட்டியபின் பூட்டுகின்றன. நம் தோலுக்கும் தசைநாண்களுக்கும் வலுத்தரும் கொலாஜன் முதலில் தளர்வான பிணைப்புகளால் இழைகளாக அணிவகுக்கிறது. அதன் பின்னர்தான் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதியின் வேலையால் குறுக்கே வலுவான பிணைப்புகள் விழுகின்றன. இந்த வரிசையை மாற்றினால், அன்ஃபின்சன் சோதனைக்குழாயில் கண்ட தாறுமாறுதான் மிஞ்சும். வைரஸுக்கோ முழுப் பூட்டு ஆபத்து. செடியின் செல்லுக்குள் நுழைந்ததும் அது அவிழ்ந்தாக வேண்டும். செல்லுக்குள் கால்சியம் மிகக் குறைவு என்பதால் வெளியே கட்டிப்பிடித்திருந்த புரதங்கள் அங்கே ஒன்றையொன்று தள்ளத் தொடங்குகின்றன. கொரோனா காலத்தில் போடப்பட்ட எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளின் கொழுப்பு நானோ துகள்களும் இதே தந்திரத்தைக் கையாள்கின்றன. அமிலத்தன்மையுள்ள நீரில் அவற்றின் ஒருவகைக் கொழுப்பு நேர்மின்சுமை பெற்று ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்கிறது. இரத்தத்தின் நடுநிலையில் சுமை நீங்கி அமைதியாக இருக்கிறது. செல்லுக்குள் அமிலம் கூடிய பைக்குள் போனதும் மறுபடி சுமை பெற்று, பையின் சவ்வைக் குலைத்து ஆர்.என்.ஏ.வை வெளியே விடுகிறது. கட்டும்போதே அவிழ்வதற்கான நிபந்தனையையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள்.

உயிரியலாளர் ஒருவர் வேறொரு தடையை எழுப்பலாம். எல்லாப் புரதங்களும் தாமாக மடிவதில்லை. செல்லில் அவற்றுக்கு உதவும் துணைப்புரதங்கள் உண்டு என்று பிரான்ஸ்-உல்ரிக் ஹார்ட்ல், ஆர்தர் ஹார்விச் முதலியோர் 1980களின் இறுதியில் காட்டிவிட்டார்களே. பிறகு எங்கே சுயகட்டமைப்பு? ஆனால் இந்தத் துணைப்புரதங்கள் செய்யும் வேலையைக் கவனியுங்கள். எந்த வடிவில் மடிய வேண்டும் என்று அவை சொல்லிக்கொடுப்பதில்லை. அந்தத் தகவல் அவற்றிடம் இல்லவே இல்லை. அவை கெட்டியாக ஒட்டிக்கொள்ளப்போகும் சங்கிலிகளைத் தனிமைப்படுத்துகின்றன, தவறாக மடிந்தவற்றைப் பிரித்து விடுகின்றன, மறுபடி முயல வாய்ப்புத் தருகின்றன. அதற்காகச் செல் தன் எரிபொருளான ஏ.டி.பி.யையும் செலவிடுகிறது. வெப்ப உலுக்கல் மட்டும் போதாத இடத்தில், தவறிலிருந்து மீளும் வழியைச் செல் விலை கொடுத்து வாங்குகிறது. இது என் வாதத்துக்கு எதிரான சான்றாகாது. அதை மேலும் உறுதிப்படுத்துகிறது.

ஒழுங்கு என்றாலே நன்மை என்று எண்ணிவிடவும் கூடாது. அரிவாள் செல் நோயில் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்து அமினோ அமிலம் ஒன்று மாறியிருக்கிறது. குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய்த்தன்மை உள்ள வேலின் இருப்பதை 1957இல் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்ரம் கண்டறிந்தார். ஆக்சிஜனை இறக்கிய பின் அந்த ஹீமோகுளோபின்கள் 14 புரிகள் கொண்ட நீண்ட கயிறுகளாகத் திரிந்து, சிவப்பணுவை அரிவாள்போல் வளைக்கின்றன. கயிறு எவ்வளவு ஒழுங்கோ நோயாளிக்கு அவ்வளவு வலி. இந்தியாவில் இந்த மரபுக்கூறு முதன்முதலில் பதிவானது நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடையே, 1952இல். இந்த நோயிலும் நேரமும் மீட்சியுமே விதியை எழுதுகின்றன. கயிறு உருவாகச் சற்று நேரம் பிடிக்கிறது. அதற்குள் சிவப்பணு நுரையீரலுக்குத் திரும்பி ஆக்சிஜன் பெற்றுவிட்டால் மூலக்கூறுகள் பிரிந்தே இருக்கும். ஹைட்ராக்சியூரியா என்ற மருந்து கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது. அது கயிற்றில் சேர்வதில்லை. ஆகவே கயிறு திரியும் நேரம் நீள்கிறது, வலி வரும் தடவைகள் குறைகின்றன. ஒரு மூலக்கூற்றின் பிடிக்கும் நேரத்தையும் விடும் நேரத்தையும் அறிந்து செய்த வைத்தியம் இது.

தொழிலுலகத்தின் ஆட்சேபத்தையும் ஒதுக்கிவிட முடியாது. கணினிச் சிப்பில் ஒரு கோடு பிசகினாலும் சுற்று கெடும். தாமாகச் சேரும் மூலக்கூறுகள் எப்போதும் சில பிழைகளை விட்டுவைக்கும். இதை நம்பி எப்படி ஆலை நடத்துவது என்கிறார்கள். அது சரியான கேள்விதான். உலுக்கல் இருக்கும்வரை ஓரளவு பிழையும் இருந்தே தீரும். பிழையைத் திருத்தும் அதே சக்தி சில பிழைகளை உண்டாக்கவும் செய்கிறது. அதனால்தான் சிப் ஆய்வாளர்கள் மூலக்கூறுகளை அவற்றின் போக்கிலேயே விடாமல், ஒளியால் முதலில் வழிகாட்டும் வாய்க்கால்களைச் செதுக்கி, அவற்றுக்குள் பாலிமர்களைச் சூடாக்கி வரிசைப்படுத்துகிறார்கள். பெரிய கோடுகளை மனிதன் போடுகிறான். நுண்ணிய கோடுகளை மூலக்கூறுகள் நிரப்புகின்றன. சுயகட்டமைப்பு எல்லா ஆலைகளுக்கும் மாற்றாகிவிடும் என்ற ஆரவாரத்தை நான் ஏற்கவில்லை. ஒரு துண்டு பிசகினால் முழுதும் வீணாகும் இடங்களில் அதற்குத் தனியாக வேலை இல்லை. கோடிக்கணக்கான பிரதிகள் வேண்டும், சிலவற்றில் குறை இருந்தாலும் பாதகமில்லை என்னும் இடங்களில், மருந்தேந்தும் துகள்களைப் போல, அதற்கு நிகர் இல்லை.

தானே கட்டிக்கொள்ளும் புதுப் பொருள் ஒன்றைப் பற்றி இனி செய்தி வரும்போது, அதன் துண்டுகள் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகின்றன என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்த வெப்பத்தில், எந்த அமிலத்தன்மையில், எவ்வளவு நேரத்தில் விடுகின்றன என்றும் கேட்க வேண்டும். நானோ துகள்களைப் படிகமாக்க முனையும் பொறியாளருக்கும், புரதங்கள் கயிறாகத் திரிவதைத் தடுக்க முனையும் மருத்துவருக்கும் தேவையான அறிவு ஒன்றே. முதலாமவர் தவறான சேர்க்கைகள் கலைய அவகாசம் தருகிறார். இரண்டாமவர் தீய சேர்க்கை கூடுமுன் கலைய அவகாசம் தேடுகிறார். வலுவான பசைகளைத் தேடிய நூற்றாண்டுகளுக்குப் பிறகு, சரியான அளவு தளர்ச்சியை அளந்து அமைக்கும் இந்த அறிவியலுக்கு நம் ஆய்வகங்களிலும் பாடத்திட்டங்களிலும் உரிய இடம் கிடைக்க வேண்டும். அரிவாள் செல் நோயோடு வாழும் நீலகிரிக் குழந்தைக்கு அதன் பயன் நேரடியானது.